பிரெட் துரை கோட்டையும் எங்கள் வீட்டுத் துவைக்கிற கல்லும்

போன மாதம் எங்கள் வீட்டை இடித்தார்கள். யாரோ வந்து இடித்ததுபோல எழுதுகிறேன். காசு கொடுத்து இடிக்கச் சொன்னவன் நான்தான். 1983-ல் தர்மபுரியில் கட்டிய வீடு. மேலே மாடி எடுக்க வேண்டும் என்றான் மகன். அந்த அஸ்திவாரம் மாடி தாங்காது என்று நானே சொல்லிவிட்டேன். போட்டவனுக்குத் தெரியாதா?

மூன்றாம் நாள் கொல்லைப்புறத்துக்கு வேலை வந்தது. மேஸ்திரி கிணற்றடியில் நின்றுகொண்டு, "சார், இந்தத் துவைக்கிற கல்லை ஒடச்சி அஸ்திவாரத்துல போட்டுடலாமா? நல்ல கல்லு" என்று கேட்டார். நான் "வேணாம்" என்று சொன்னது கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது போலிருக்கிறது. ஜேசிபி ஓட்டுகிற பையன் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான். மருமகள் உள்ளேயிருந்து ஓடி வந்தாள். ஒரு துவைக்கிற கல்லுக்கா இந்தச் சத்தம் என்று எல்லார் முகத்திலும் எழுதியிருந்தது.

அந்தக் கல்லின் கதையை என் மனைவியைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. அவளிடமும் முப்பது வருஷத்துக்கு மேல் சொல்லாமல்தான் இருந்தேன். இன்று எழுதிவிடுகிறேன்.

1977-ல் எனக்கு ஓசூருக்கு மாற்றல். கட்டட வேலை பார்க்கிற உத்தியோகம், ஓவர்சியர். எந்தத் துறை, எந்த ஆபீஸ் என்பது பழைய சகாக்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்கு அவசியமில்லை. அப்போது ஓசூர் நம் தர்மபுரி மாவட்டம்தான். 1965 அக்டோபர் 2-ல் சேலத்திலிருந்து தர்மபுரி தனி மாவட்டமானபோது ஓசூரும் கூட வந்தது. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி பிரிந்தபோது அந்தப் பக்கம் போய்விட்டது. இப்போதுள்ள பிள்ளைகளிடம் 'ஓசூர் நம்ம மாவட்டம்' என்றால் சிரிக்கிறார்கள்.

தர்மபுரி வெயிலில் வளர்ந்தவனுக்கு ஓசூர் வேறு தேசம். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய மூவாயிரம் அடி. டிசம்பரில் காலை பத்து மணி வரை ஸ்வெட்டரைக் கழற்ற முடியாது. டீக்கடையில் மூன்று பாஷை: கேட்பது கன்னடத்தில், பதில் தெலுங்கில், சில்லறை பாக்கி தமிழில். ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி பக்கத்திலேயே இருக்கிறது. அவர் சிறுவயதில் படித்ததும் ஓசூரில்தான்.

ராமநாயக்கன் ஏரிப் பக்கம், பழைய கோட்டைப் பகுதியில், ஒரு கட்டடம் இடிந்து கிடந்தது. ஊரில் அதைக் கோட்டை என்பார்கள், பிரெட் பங்களா என்பார்கள், ஆபீஸ் பெரியவர்கள் 'கெனில்வர்த் கேசில்' என்பார்கள். முதன்முதலில் நான் பார்த்தபோது எனக்குத் தோன்றியதை அப்படியே சொல்கிறேன்: சினிமாவுக்குப் போட்ட செட்டைப் பிரிக்காமல் போய்விட்டார்கள் போலிருக்கிறது. கோபுரம் மாதிரி உயர்ந்த கொத்தளங்கள், மேல்சுவரில் பல்லுப் பல்லாக இடைவெளி விட்ட கட்டு, பெரிய வளைவுகள். கூரை இல்லை. உள்ளே சீமைக்கருவேலும் உண்ணிச்செடியும். சுவர் நடுவிலிருந்து ஓர் அரசமரம் சாவகாசமாக வளர்ந்துகொண்டிருந்தது.

எங்கள் ஆபீஸில் படம் வரைகிற அண்ணன் ஒருவர் இருந்தார். டிராப்ட்ஸ்மேன். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், தனிக்கட்டை. ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கும் போக்கிடம் கிடையாது. ஒரு நாள் அவர், "தம்பி, டேப்பை எடுத்துக்கோ, அந்தக் கோட்டையை அளக்கலாம்" என்றார். எதற்கு அண்ணே என்றேன். "இன்னும் இருபது வருஷத்துல இது இருக்காது. ஒரு பிளானாவது இருக்கட்டும்" என்றார். யாரும் கேட்கவில்லை, எந்தக் கோப்பிலும் இல்லை, சம்பளமும் இல்லை. அப்படித் தொடங்கியது.

கட்டடத்தை எப்படிப் படிப்பது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தது அவர்தான். பாலிடெக்னிக்கில் கற்றது வேறு, இது வேறு. இடிந்த கட்டடம் ஒருவகையில் நல்லது, உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரியும் என்பார். நல்ல நிலையில் இருக்கிற வீட்டில் பூச்சைத்தான் பார்க்கலாம். இங்கே சுவரின் வயிற்றையே பார்க்கலாம். இரண்டு பக்கமும் ஒழுங்கு பார்த்து வைத்த கல், நடுவே துண்டுக் கல்லும் சுண்ணாம்பும் கொட்டி நிரப்பியது. வளைவு வருகிற இடத்தில் மட்டும் செங்கல். ஏன் தெரியுமா என்று கேட்டு அவரே பதிலும் சொன்னார்.

நம் பக்கத்துக் கல் கருங்கல். பாறையின் மேல் விறகை அடுக்கித் தீ மூட்டி, சூட்டில் மேல்தட்டு பொருக்குப்போல எழும்பும்போது உளியும் சம்மட்டியும் வைத்துப் பலகையாக எடுப்பார்கள். பெங்களூர் – ஓசூர் பக்கம் தலைமுறை தலைமுறையாக இருந்த வேலை இது. பலகைக்கும் தூணுக்கும் படிக்கும் அதைப்போல ஒரு கல் கிடையாது. ஆனால் சீமைக் கோட்டைக்கு வேண்டிய நெளிவு, சுளிவு, பூ வேலை எல்லாம் கருங்கல்லில் செய்ய வேண்டுமானால் நம் கோயில் சிற்பிகளுக்குக் கொடுத்த காலமும் கூலியும் கொடுக்க வேண்டும். துரைமார்களுக்கு அவ்வளவு பொறுமை ஏது? அதனால் கனத்தைக் கல்லில் வைத்துக்கொண்டு, அலங்காரத்தைச் செங்கல்லிலும் சுண்ணாம்பிலும் முடித்துவிடுவார்கள். 'உடம்பு நம்மளோடது, சட்டைதான் சீமை' என்பார் அண்ணன்.

அந்தப் பல்லுச் சுவரைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பழந்தமிழில் அதற்கு 'ஞாயில்' என்று பெயரே உண்டு. உயர்ந்த பல்லின் பின்னால் வில்லாளி மறைந்துகொள்வான், இடைவெளி வழியாக அம்பு விடுவான். சண்டைக்கு உண்டானது. பிரெட் துரை கட்டியபோது திப்பு சுல்தான் இறந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. ஓசூரில் அவர் மீது அம்பு விட யாரும் காத்திருக்கவில்லை. அழகுக்கு வைத்த பல். ஆனால் மழைக்கு அழகு தெரியாது. ஒவ்வொரு இடைவெளியிலும் தண்ணீர் நின்று சுவருக்குள் இறங்கும். வருஷா வருஷம் மேலே ஏறிச் சுண்ணாம்பு வைத்து அடைக்கிற ஆள் இருக்கும்வரை பிழைக்கும். ஆள் போனது, சுவர் போனது.

அதற்கும் முன்னால் கூரை போயிருக்கும். அந்தக் காலத்துக் கூரை மெட்ராஸ் டெரஸ்தான் என்று உத்திரக் குழிகளைக் காட்டிச் சொன்னார் அண்ணன். தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, மேலே மெல்லிய செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்பில் ஒட்டி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்துத் தெளித்துத் தட்டுவார்கள். எங்கள் அம்மாவின் அம்மா அந்த வேலைக்குப் போனவர். தட்டும்போது பாடுவார்களாம். அப்படிப் போட்ட கூரை நூறு வருஷம் நிற்கும், கீழே கட்டை இருந்தால். தேக்குக் கட்டைக்கு விலை உண்டே! காவல் இல்லாத கட்டடத்தில் முதலில் காணாமல் போவது கதவு, ஜன்னல், அடுத்தது உத்திரம். உத்திரம் போனால் கூரை கீழே. பிறகு நான்கு சுவரும் நான்கு அநாதைகள்.

யார் இந்த பிரெட்? சேலம் கலெக்டராக இருந்தவர், 19-ம் நூற்றாண்டின் நடுவில். சேலத்தில் பிரெட்ஸ் ரோடு என்று இருக்கிறதே, அதே பிரெட். ஓசூரில் வழங்கும் கதை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். துரைக்கு நிச்சயித்த பெண் சீமையில் இருந்தாளாம். கெனில்வர்த் கோட்டை மாதிரி ஒன்று கட்டினால்தான் அந்தக் காட்டுக்கு வந்து குடித்தனம் செய்வேன் என்றாளாம். துரை கட்டினாராம். இதுவரை எல்லாரும் ஒன்றாகச் சொல்வார்கள். அதற்கு மேல் ஆளுக்கு ஒன்று. வந்து பார்த்துச் சந்தோஷப்பட்டாள் என்பார் ஒருவர். கப்பலிலேயே செத்துப்போனாள் என்பார் இன்னொருவர். எங்கள் ஆபீஸ் வாட்ச்மேன், அவள் வந்தாள், பார்த்தாள், 'இது அந்த மாதிரி இல்லை' என்று சொல்லித் திரும்பிப் போய்விட்டாள் என்பார். எனக்கு அதுதான் பிடித்த முடிவு.

கதை எப்படியோ போகட்டும், சேலம் வெயிலை விட்டுவிட்டு ஓசூரில் உட்கார ஒரு வெள்ளைக்காரருக்குக் காதல் தேவையில்லை, தெர்மாமீட்டரே போதும். மத்திகிரியில் 1824-லேயே கம்பெனி ராணுவத்துக்குக் குதிரைப் பண்ணை வைத்தார்கள் என்றால் இந்தச் சீதோஷ்ணத்தை நம்பித்தான்.

எனக்கு ஒன்று தோன்றும். நம் தர்மபுரியில் தாமஸ் மன்றோ 1792 முதல் 1799 வரை இருந்தார். பாராமகால் முழுக்கக் குதிரையில் சுற்றி, கூடாரத்தில் தங்கி, நிலம் நிலமாகப் பார்த்து வரி போட்டவர். அவருக்குத் தர்மபுரியில் சின்ன வீடும் தோட்டமும் இருந்தன. மாற்றலாகிப் போகும்போது அந்தத் தோட்டத்தை விட்டுப் போக மனமில்லாமல் ஊருக்குக் கடிதம் எழுதியவர். வீடு இல்லை, தோட்டமும் இல்லை. நினைவுத் தூண் ஒன்று இருக்கிறது, பெயரும் இருக்கிறது. பிரெட் கோட்டையே கட்டினார்.

ஓசூர்க் கோட்டைக்கு அதைவிடப் பழைய, இருண்ட கதையும் உண்டு. பிடிபட்ட ஆங்கிலேயக் கைதிகளை வைத்துத் திப்பு அதைப் பலப்படுத்தினார் என்றும், 1791-ல் கம்பெனிப் படை நெருங்கியபோது அவர்கள் கொல்லப்பட்டார்கள் என்றும் பழைய ஆங்கில நூல்கள் சொல்கின்றன. அந்த மண்மேல்தான் இந்தக் கல்யாணக் கோட்டை.

நாங்கள் அளந்த கதைக்கு வருகிறேன். ஏழெட்டு ஞாயிற்றுக்கிழமை அளந்தோம். அண்ணன் பீல்டு புக்கில் பென்சிலால் குறிப்பார், நான் டேப்பின் நுனியைப் பிடிப்பேன். அளந்த கல்லில் சாக்பீஸால் ஓர் எண் போடுவோம். ஏரிப் பக்கம் பார்த்த ஒரு ஜன்னலின் அடிக்கல் மட்டும் எனக்கு நன்றாக ஞாபகம். மற்றக் கற்கள் சாதாரணக் கொத்து. அதன் முன்விளிம்பை மட்டும் யாரோ ஒரு கல்தச்சர் ஒரே சாய்வாக, கண்ணாடி மாதிரி, இழைத்து வைத்திருந்தார். மேலே ஜன்னல் கம்பிகள் நட்ட குழிகள். ஒரு குழியில் கம்பியை இறுக்க ஊற்றிய ஈயம் அப்படியே இருந்தது. அண்ணன் விரலால் அந்தச் சாய்வைத் தடவிப் பார்த்து, "இவன் பேரு எங்கயும் இருக்காது, பாரு" என்றார்.

கீழ்த்தளம் முடிந்தது. மேலே ஏணி வைத்துத்தான் ஏற வேண்டும், மழைக்காலம் கழியட்டும் என்றோம். மழைக்காலம் கழிவதற்குள் அவருக்கு மாற்றல் வந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டில் பீல்டு புக்கை என் கையில் கொடுத்து, "மேல் மாடியை முடிச்சிடு தம்பி" என்றார். முடிக்கிறேன் அண்ணே என்றேன்.

முடிக்கவில்லை. அதன்பிறகு மூன்று வருஷம் ஓசூரிலேயே இருந்தேன், ஒரு ஞாயிறும் போகவில்லை. கல்யாணம், குழந்தை, வேலை என்று காரணம் சொல்லலாம். தனியாக டேப் பிடிக்க முடியாது என்றும் சொல்லலாம். சோம்பல் என்பதுதான் சரி.

அதற்குள் ஊர் மாறத் தொடங்கியது. சிப்காட் வந்தது. 1980-ல் அசோக் லேலண்ட் ஓசூரில் வண்டி கட்ட ஆரம்பித்தது, பின்னாலேயே வரிசையாக மற்றவை. ஸ்வெட்டர் போட்ட சின்ன ஊருக்குள் ஆயிரக்கணக்கில் ஆள் வந்து இறங்கினால் வீடு வேண்டாமா? எங்கு பார்த்தாலும் கடைக்கால் தோண்டினார்கள். கல்லுக்கு அப்படி ஒரு கிராக்கி.

1983-ல் நான் தர்மபுரியில் வீடு கட்டினேன். கையில் காசு குறைவு. ஏதோ வேலையாக ஓசூர் போயிருந்தேன். மாட்டுவண்டியில் கல் ஏற்றி வந்த ஒருவர் டீக்கடையில் பேச்சுக் கொடுத்தார். "வாசப்படிக்கு ஆகுங்க சாமி, கொத்து வேலையே வேணாம், கோட்டைக் கல்லு" என்றார். எந்தக் கோட்டை என்று நான் கேட்கவில்லை. வண்டியைச் சுற்றிவந்து பார்த்தேன். ஐந்து கல் தேறின. ஐந்தாவது கல்லைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. சாய்வாக இழைத்த விளிம்பு, கம்பிக் குழிகள், ஒரு குழியில் ஈயம். சாக்பீஸ் எண் மழையில் போயிருந்தது. எண் இல்லாவிட்டால் என்ன, என் விரலுக்கே தெரிந்தது.

கல்லுக்குப் பன்னிரண்டு ரூபாய் கேட்டார். பேரம் பேசிப் பத்துக்கு முடித்தேன். அதை இப்போது எழுதும்போதுதான் கூசுகிறது. வாங்கியதைவிட, பேரம் பேசியது.

தர்மபுரிக்குக் காலியாகத் திரும்பிய ஒரு லாரியில் ஏற்றிவிட்டேன். நான்கு கல் படிகளுக்குப் போயின. ஐந்தாவதை முன்வாசலில் வைக்க மனம் வரவில்லை. கொல்லையில் கிணற்றடியில் துவைக்கிற கல்லாக, முகப்பைக் கீழே கவிழ்த்துப் போடச் சொன்னேன். என் மாமனார் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை, இவ்வளவு நல்ல கல்லைக் கொல்லையில போட்டிருக்கீங்களே" என்றார். துவைக்க வாட்டமாக இருக்கும் மாமா என்றேன். முப்பத்தைந்து வருஷம் என் மனைவி அதன்மேல் எங்கள் எல்லாருடைய துணியையும் அடித்துத் துவைத்தாள். பிறகு வாஷிங் மெஷின் வந்தது.

2017-ல் மகள் வீட்டுக்கு இங்கிலாந்து போனோம். மாப்பிள்ளைக்குக் காவென்ட்ரியில் கார் கம்பெனி வேலை. வீட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்குக் கால் மரத்துப்போனது. "அப்பா, பக்கத்துல ஒரு கேசில் இருக்கு, போலாமா?" என்றாள் மகள். பெயர் என்னம்மா என்றேன். கெனில்வர்த் என்றாள்.

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை. கெனில்வர்த் என்று ஒன்று நிஜமாகவே ஓர் ஊரில் இருக்கிறது என்பதை நான் யோசித்ததே கிடையாது. ஓசூர்க் கோட்டைதான் எனக்குக் கெனில்வர்த்.

போய்ப் பார்த்தால், அதுவும் இடிந்துதான் கிடக்கிறது! சிவந்த மணற்கல். 12-ம் நூற்றாண்டில் எழுப்பிய பெரிய கோபுரம். 1266-ல் அரசரின் படை ஆறு மாதம் முற்றுகை போட்டும் உள்ளே புக முடியாமல், பசிதான் கோட்டையைத் திறந்ததாம். பிறகு ராபர்ட் டட்லி என்கிற லெஸ்டர் பிரபு கைக்கு வந்தது. முதலாம் எலிசபெத் ராணியை மணக்க ஆசைப்பட்டவர் அவர். ராணி தங்குவதற்கென்றே உயரமாக, பெரிய பெரிய ஜன்னல் வைத்து ஒரு மாளிகை கட்டினார். 1575 ஜூலையில் ராணி வந்தார், பத்தொன்பது நாள் தங்கினார், விருந்து சாப்பிட்டார், போய்விட்டார். கல்யாணம் நடக்கவில்லை. எனக்கு எங்கள் வாட்ச்மேன் சொன்ன முடிவு ஞாபகம் வந்தது. அசல் கோட்டையிலும் கதை அதேதானா!

உள்நாட்டுப் போர் முடிந்து 1649-ல், இனி யாரும் இதைக் கோட்டையாகப் பயன்படுத்தக் கூடாது என்று பாராளுமன்றமே இடிக்கச் சொல்லியது. பெரிய கோபுரத்தின் வடக்குச் சுவரை அப்படியே சாய்த்துவிட்டார்கள். பக்கத்தில் இருந்த ஏரியையும் வற்ற விட்டார்கள். ஆக, பிரெட் துரை பிறப்பதற்கு முன்பே கெனில்வர்த் இரு கண்ணும் போன கட்டடம். 1821-ல் வால்டர் ஸ்காட் அதன் பெயரில் ஒரு நாவல் எழுதிய பிறகுதான் கூட்டம் கூட்டமாகப் பார்க்க வந்தார்களாம். ஓசூர்க் கதையில் வருகிற பெண்ணும் அந்த நாவலைப் படித்தவளாக இருப்பாள் என்பது என் ஊகம். ஆனால் அந்த நாவலில் ரகசியமாகத் தாலி கட்டிக்கொண்டு ஒளித்து வைக்கப்பட்ட ஒரு மனைவி கடைசியில் விழுந்து சாகிறாள். அதைப் படித்துவிட்டா ஒருத்தி அந்தக் கோட்டையைக் கேட்பாள்? கேட்டிருந்தால் கல் நெஞ்சுக்காரிதான்.

சாய்ந்த சுவர் வழியாகக் கோபுரத்தின் வயிறு தெரிந்தது. இரண்டு பக்கமும் ஒழுங்கான கல், நடுவே துண்டும் துணுக்கும் சுண்ணாம்பும். மேலே வரிசையாக உத்திரக் குழிகள். நான் அண்ணனைத் தேடித் திரும்பிப் பார்த்தேன் என்றால் நம்புவீர்களா?

ஆனால் அங்கே ஒவ்வொரு குழிக்கும் கீழே, இது எந்த அறையின் தளம், இங்கே யார் படுத்தார்கள் என்று சொல்ல ஒரு பலகை. ராணி தங்கிய மாளிகைக்குள் 2014-ல் புதிதாகப் படிக்கட்டும் மேடையும் அமைத்திருக்கிறார்கள். முந்நூற்றைம்பது வருஷத்துக்குப் பிறகு ராணியின் அறை இருந்த உயரத்துக்கு ஜனங்கள் ஏறுகிறார்கள். நானும் மூச்சு வாங்க ஏறினேன். இடிந்ததை மறுபடி கட்டவில்லை. இடிந்தபடியே, மேலும் விழாமல், நிறுத்தி வைத்திருக்கிறார்கள். 1937-ல் ஒரு கார் கம்பெனி முதலாளி விலைக்கு வாங்கி நாட்டுக்குக் கொடுத்தாராம். ஓசூரிலும் வண்டி செய்கிறவர்களுக்குக் குறைவில்லையே என்று முதலில் நினைத்தேன். அடுத்த நிமிஷமே, கிணற்றடியில் கிடப்பது நினைவுக்கு வந்து வாயை மூடிக்கொண்டேன்.

வெளியே வரும்போது வாயில் மாளிகையைப் பார்த்தோம். உள்ளே ஓர் அறையில் வெள்ளைச் சலவைக்கல் போன்ற கல்லில் செய்த பிரமாதமான கணப்படுப்பு. மகள் விளக்கத்தைப் படித்துச் சொன்னாள். இடிக்க வந்த படையைச் சேர்ந்த ஹாக்ஸ்வர்த் என்கிற கர்னல், இந்த வாயில் கட்டடத்தைத் தனக்கு வீடாக ஆக்கிக்கொண்டார். லெஸ்டர் பிரபுவின் மாளிகையில் இருந்த கணப்படுப்பைப் பெயர்த்துக் கொண்டுவந்து இங்கே வைத்துக்கொண்டார்.

நான் அங்கேயே சிரித்துவிட்டேன். சிரிப்பு நிற்கவில்லை. மகள் பயந்துவிட்டாள். என் மனைவி, "ஏங்க, என்ன ஆச்சு?" என்றாள். வெளியே பெஞ்சில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். அங்கேதான் அவளிடம் துவைக்கிற கல்லின் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் புல்வெளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "ஓரத்துல வழுவழுன்னு ஒரு சாய்வு இருக்குமே, பாவாடை முழங்கால்ல கிழியாம இருக்கேன்னு நெனச்சுக்குவேன். அது ஜன்னலா?" என்றாள்.

ஹாக்ஸ்வர்த் கொண்டுபோனதற்கு விளக்கம் எழுதி மாட்டியிருக்கிறார்கள். நான் கொண்டுபோனதை யாரும் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டிய பீல்டு புக் என்னிடம்தான் இருந்தது. ஊருக்குத் திரும்பியதும் பரண் முழுக்கத் தேடினேன். வெள்ளையடிக்கும்போது பழைய பேப்பர்க்காரருக்குப் போட்ட மூட்டைகளில் அதுவும் போயிருக்கிறது. எந்த வருஷம் என்றுகூடச் சொல்ல முடியவில்லை. அண்ணன் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். அவர் மேல் மாடியைப் பற்றி என்னிடம் ஒரு தடவையும் கேட்டதில்லை. பொங்கல் வாழ்த்து மட்டும் வருஷா வருஷம் போடுவார்.

கடைசியாக நான் ஓசூர் போனபோது அந்த இடத்தில் சில சுவர்த் துண்டுகளையும் புதரையும்தான் பார்த்தேன். சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று நகராமலே மூன்று மாவட்டம் பார்த்த கட்டடம். முழுக்கவும் இடியும் மழையும் தின்றதாகச் சொல்வார்கள். ஐந்து கல்லுக்கு நான் கணக்கு சொல்கிறேன். மற்ற வண்டிகள் எந்தெந்தத் தெருவில் நின்றன என்று அந்தந்த வீட்டுக்காரருக்குத் தெரியும்.

படிகளில் இருந்த நான்கு கல்லையும் மேஸ்திரி உடையாமல் எடுத்து வைத்துவிட்டார். ஐந்தாவதை ஜேசிபி பையன் பூப்போலத் தூக்கி வேப்பமரத்தடியில் வைத்தான், முகப்பு மேலே தெரியும்படி. என் மனைவியும் மருமகளுமாகத் தேங்காய் நார் வைத்துத் தேய்த்துக் கழுவினார்கள். அடியில் பழைய சுண்ணாம்பு ஒட்டியிருந்தது, இரும்புபோல. ஈயம் இருக்கிறது.

பழைய ஓசூர்க்காரர்களுக்கு ஒரு விண்ணப்பம். அறுபது, எழுபதுகளில் அந்தக் கோட்டை முன்னால் கல்யாணத்துக்கோ பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்கோ படம் எடுத்தவர்கள் இருப்பீர்கள். ஆல்பத்தில் இருந்தால் பின்னணியில் தெரிகிற சுவரை எனக்குக் காட்டுங்கள், முகங்கள் தேவையில்லை. மேல் மாடி தெரிகிற படமாக இருந்தால் ரொம்ப உபகாரம். உங்கள் வீட்டுப் படியிலோ கிணற்றடியிலோ சாய்வு விளிம்பும் கம்பிக் குழியும் உள்ள கல் கிடந்தாலும் சொல்லுங்கள். யார் பெயரையும் எழுத மாட்டேன்.

நேற்றுச் சாயங்காலம் பேரனை டேப்பின் நுனியைப் பிடிக்கச் சொல்லி அளந்தேன். புது நோட்டு, முதல் பக்கம்: ஜன்னல் அடிக்கல், ஏரிப் பக்கம், கீழ்த்தளம். நீளம் நான்கு அடி ஒன்றரை அங்குலம். அகலம் ஓர் அடி மூன்று அங்குலம். கனம் ஏழு அங்குலம். குழிகள் ஐந்து, ஒன்றில் ஈயம்.